அன்று நான் தலையாட்டியது

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ கனிந்த வாழைப்பழத்தை எண்ணெயில் பொரித்தார்கள். அந்த மணத்தோடு, அகதியாக வந்த புதிதில் நாம் வேலை செய்த ரெக்ஸ்டேல் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை நினைவில் வந்துவிட்டது. உன் பெட்டியிலிருந்து இரண்டு துண்டு எடுத்து என் சோற்றின் மேல் வைப்பாய். "உனக்கில்லை, பிள்ளைக்கு" என்பாய்.

நீ கொலம்பியாவின் பசிபிக் கரையிலிருந்து வந்தவள். கறுப்பினப் பெண், வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். நான் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரே மேசையில் நின்று பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கினோம். உனக்கு ஏழு மாதம், எனக்கு ஐந்து. நாம் பேசியது உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் இப்போது உன் குரல் எனக்கு என் தமிழிலேயே கேட்கிறது.

அந்தத் திங்கட்கிழமை உன் முகம் வீங்கியிருந்தது. "தலை வெடிக்குது. கண்ணுக்குள்ள மின்னுது" என்றாய். வேலையை விட்டு இருவரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். நமக்குப் பின்னால் வந்து, தலையிடி என்று மெதுவாகச் சொன்ன ஒரு வெள்ளைக்காரக் கர்ப்பிணியை உடனே உள்ளே கூட்டிப்போனார்கள். நீ எழும்பிச் சத்தம் போட்டாய்.

பிறகுதான் உன்னையும் உள்ளே விட்டார்கள். பிரஷர் கூடுதலாகத்தான் இருந்தது. கோபத்தில் ஏறியிருக்கும் என்றாள் தாதி. நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். அவள் என் பக்கம் திரும்பி, "இவ எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டாள்.

என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. "கேஸ் முடியுமட்டும் ஒருத்தரோடையும் கொளுவிச் சண்டைக்குப் போகாதை" என்று என் கணவர் தினமும் சொல்லி அனுப்புவார். தாதி கேட்டதற்கு நான் தலையாட்டினேன். "ஓம், இவ கொஞ்சம் சத்தம்தான்" என்றும் சொன்னேன். தலையிடிக்கு இரண்டு குளிசை தந்து உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை மதியம் மேசையடியில் விழுந்தாய், உனக்கு வலிப்பு வந்தது. பற்கள் கிட்டி, கை கால் உதறின. அம்புலன்ஸ் வந்தது. நீ பிழைத்தாய். உன் மகன் பிழைக்கவில்லை. உன் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதும் அன்றுதான் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னாராம்.

அதன்பின் நான் உன் முகம் பார்க்கக் கூசி ஒளித்துத் திரிந்தேன். எனக்கு நோவு கண்ட நாளில் உன்னைக் கூப்பிடவும் இல்லை. யார் சொன்னார்களோ, பிரசவ அறை வாசலில் வந்து நின்றாய். கணவர் வேலையிலிருந்து வந்து சேரவில்லை. மகள் பிறந்து கொஞ்ச நேரத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. குளிருது என்று முனகினேன். "பிள்ளை பெத்தால் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த தாதி போய்விட்டாள். நீ போர்வையைத் தூக்கிப் பார்த்தாய். படுக்கை முழுக்க இரத்தம்.

நீ கத்தினாய். வாசலை மறித்துக்கொண்டு, "டொக்டர் வராமல் ஒருத்தரும் இதால போகேலாது" என்று நடைபாதை அதிரக் கத்தினாய். ஓடி வந்தார்கள். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் நான் இல்லையென்றார்கள்.

மகளுக்கு ஒரு வயதானபோதுதான் எனக்கு வாய் வந்தது. உன் சமையலறையில், மகள் உன் மடியில் இருக்க, அந்தத் திங்கட்கிழமை உன்னைப் பற்றித் தாதியிடம் சொன்னதை அழுதழுது சொன்னேன். நீ அவளுக்குச் சோற்றை மசித்து ஊட்டிக்கொண்டே இருந்தாய்.

"எனக்குத் தெரியும்" என்றாய். "கண்ணைத்தான் மூடியிருந்தனான். நித்திரை இல்லை."

நீ போய்ச் சேர்ந்த செய்தியைப் போன மாதம் உன் தங்கை போனில் சொன்னாள். என்னை மன்னிப்புக் கேட்க விட்டாய், ஆனால் மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதை இனிமேலும் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருந்தும், பிள்ளையைப் பறிகொடுத்த வயிறோடு என் வாசலுக்கு வந்து நின்றாயே, அதுதான் என்னிடம் இருக்கிறது.