பத்தொன்பதாவது பெயர்

பிப்ரவரி 6, 1984, திங்கள்
ஐந்தாவது முறையாக வாழவந்தியிலிருந்து ஏற்காடு போய் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தேன். காப்பிக் கன்று நடச் சிறு விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. போன வருடம் என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். தள்ளட்டும். யாருக்குக் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க பெரியவரே" என்றார் கிளார்க். ஊர்ப் பணத்தில் என்ன ரகசியம்?

பிப்ரவரி 13
இன்றும் இல்லை.

மார்ச் 5
புது ஆபீசர். "நகல் தர முடியாது. இங்கயே உக்காந்து பாத்துக்கங்க" என்றார். பார்க்கவா போனேன்? முப்பத்தொரு பெயரையும் பட்டா எண்ணோடு எழுதிக்கொண்டேன். நாற்பது வயதில் நானே படித்துக்கொண்ட எழுத்து, மெதுவாகத்தான் வரும்.

நான்கு பேர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மச்சான்மார். சேலத்தில் கடை வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் ஒரு சென்ட் கிடையாது.

பத்தொன்பதாவது பெயர் சென்றாயன். என் அப்பா பெயர், அப்பா பட்டா. அவர் போய்ப் பதினாறு வருடம்!

தம்பி பெரியசாமி வேலைதான். நிலம் பிரித்ததிலிருந்து ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. செத்த அப்பன் பேருலயா வாங்கித் தின்னே? எப்படிடா மனசு வந்துச்சு?

மார்ச் 7
"தம்பி பேர மட்டும் உட்டுட்டுப் படிங்களேன்" என்றாள் என் மனைவி பூவாயி. ஒன்றை விட்டால் அது பட்டியலா?

பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டினேன். ஐந்து பெயருக்குச் சிவப்புக் கோடு. பஸ்ஸில் இறங்கியவர்களுக்குச் சத்தமாகப் படித்தேன். மேலிடத்துக்கும் மனு போட்டாயிற்று.

ஏப்ரல் 10
விசாரணை. தம்பி வீட்டு வாசலில் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து, "சென்றாயன் யாரு?" என்றார்.

"செத்துட்டாருங்க" என்றேன்.

தம்பி மகன் ராசு எழுந்தான். "நானுங்க." பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டினான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருந்தார்கள்.

தம்பி மனைவி தங்கம்மா அழுதாள். "மாமனாரு பேரச் சொல்லி நான் எப்படிங்க புள்ளையக் கூப்புடுவேன்? அதான் ராசுன்னோம். மூத்தவருக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். பெயர் வைத்த அன்று அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். தம்பி மேல் இருந்த கோபத்தில் அந்த நினைப்பே வரவில்லையா? வரவிடவில்லையா?

கூட வந்திருந்த ரைட்டர் என்னைக் காட்டிச் சிரித்தார். "பெருமாளுக்கு வயசாயிப்போச்சுங்க. மத்ததும் இந்த லட்சணந்தான்."

ஆபீசர் ஃபைலை மூடினார். விசாரணை முடியும்வரை ராசுவின் இரண்டாம் தவணை மானியமும் நிற்குமாம். கன்று நட அவன் எடுத்த குழிகளெல்லாம் சும்மா கிடக்கின்றன.

ஏப்ரல் 11
என் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நான்கு திருடர்களும் கரையேறிவிடுவார்கள். வழி போட்டுக் கொடுத்தவன் நான்.

"பேசாம ஊட்டுல கெடங்க. நொம்பப் பட்டாச்சு" என்கிறாள் பூவாயி.

ஏப்ரல் 12
அதே சுவரில் ஒட்டினேன்:

"பத்தொன்பதாம் பெயரைப் பற்றி நான் சொன்னது பொய். அந்தச் சென்றாயன் என் தம்பி மகன், இந்த நிலத்தில் பாடுபடுகிறவன். குற்றம் என்னுடையது. மற்ற நான்கு பேரின் நிலம் எங்கே இருக்கிறது? - பெருமாள்."

பஸ் வந்ததும் இதையும் சத்தமாகப் படித்தேன். "போன மாசம் வேற பாட்டுப் பாடுனீங்களே!" என்றான் ஒருவன். நிறுத்தாமல் படித்து முடித்தேன். டீக்கடையில் ரைட்டர் இருந்தார். சிரிக்கவில்லை.

மே 21
நில அளவைக்காரர் வந்தாராம். அந்த நால்வரின் நிலத்தைக் காட்ட ஆள் வரவில்லையாம்.

ஜூலை 2
மழை. இந்த வருடப் பட்டியலை ஆபீஸ் ஆளே வந்து பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டினார். அந்த நான்கு பெயரும் இல்லை.

பின்னால் தம்பி வந்து நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. "படிங்க" என்றான்.

முதலிலிருந்து படித்தேன். ராசுவின் பெயர் ஆறாவதாகவே வந்துவிட்டது. தம்பி நகரவில்லை. கடைசிப் பெயர் வரை மழையில் நின்றான்.

"உங்க பேரு வரலீங்களாண்ணா?" என்றான்.