கட்டில் முனையில் ஒரு கப்பி

ஜூன் 9, திங்கள்
கடையில் பட்டுப்புடவைக் கட்டை மேல்தட்டுக்கு ஏற்றும்போது இடுப்பில் சுருக்கென்றது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜூன் 12
ஸ்கேனைப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார். பிசியோ ஹரிப்ரசாத் என்னைப் படுக்கவைத்து, இடுப்பில் பெல்ட் கட்டி, கால்பக்கம் கயிற்றில் எடையைத் தொங்கவிட்டார். டிராக்‌ஷனாம். முதுகை மெல்ல இழுத்துக் கொடுப்பது.

"சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பார்க்கலாம்மா."

நான் எந்தச் சிலர்? அவருக்கே தெரியாதென்றால் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 15, ஞாயிறு
கிளினிக் போய்வரும் ஆட்டோக் குலுக்கலே உயிரை வாங்குகிறது. அதனால் என் கணவர் சிவகுமார் அதை வீட்டிலேயே செய்துவிட்டார். ஆன்லைனில் பெல்ட், கட்டில் முனையில் கயிறு ஓட ஒரு கப்பி, எடைக்கு மணல் மூட்டை. லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே.

"பிசியோ சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க" என்றேன்.

"எத்தனை லிஃப்ட் தொங்கவிட்டிருக்கறேன், உன் இடுப்பை இழுக்கத் தெரியாதா?"

இருபது நிமிஷம். பக்கத்திலேயே வாட்சைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் என் பக்கத்தில் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

"எப்படி இருக்குது லதா?"

"லேசா இருக்குங்க."

லேசாகத்தான் இருந்ததா? படுத்தாலே லேசாகத்தானே இருக்கும்?

ஜூன் 18
எழுந்து நின்றதும் வலி வந்துவிடுகிறது. சொல்லவில்லை.

ஜூன் 21
"கேட்குதுல்ல?" என்று மூன்று கிலோ கூட்டினார். இப்போது வலி இடுப்பில் கொஞ்சம்தான். இடது தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது. எதிர்வீட்டுப் பாப்பம்மாள், "கீழ எறங்குச்சுன்னா வெளிய போகுதுன்னு அர்த்தம்" என்கிறாள். என் மகள் வைஷாலி ஃபோனைப் பார்த்துவிட்டு, "உல்டாம்மா. நோவு கீழ போனா சரியில்லயாம்" என்கிறாள். யாரை நம்புவது? இதையும் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூன் 25
வலி இல்லை! காலையிலிருந்து இல்லவே இல்லை. சிவகுமார் கொள்ளேகாலில் இருக்கும் தன் அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "நானே சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பாதம் மட்டும் பஞ்சுபோல இருக்கிறது. என் பாதம் மாதிரியே இல்லை. குணமாகும்போது இப்படித்தான் இருக்குமோ?

ஜூன் 26
கேட் வரை நடந்தேன். பின்னாலிருந்து வைஷாலி, "அம்மா, செருப்பு!" என்று கத்தினாள். இடதுகால் செருப்பு வாசற்படியிலேயே கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. கால் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன் – தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல் அப்படியே கிடந்தது.

"அப்பாகிட்ட சொல்லும்மா."

"இருடி."

அவள் இருக்கவில்லை. ஹரிப்ரசாத்துக்கே ஃபோன் செய்துவிட்டாள். ஒண்ணுக்குச் சரியாகப் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றதும், இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். அங்கே வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தவர், "வலி போகலம்மா, நரம்பு மரத்துப்போச்சு" என்றார். நாளைக்கே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

வராந்தாவில் சிவகுமாரிடம் சொல்லிவிட்டேன். "முதல் நாளே லேசா இல்லைங்க."

"அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீங்க அவ்வளவு ஆசையா…"

அவர் ஆபரேஷனுக்கான தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 30
தையல் இழுக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், வீட்டில் இழுத்ததால்தான் இப்படி ஆனதா என்று.

"அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

சிவகுமார் சட்டென்று எழுந்து வெளியே போனார். அவர்மேல் கோபமா எனக்கு? என்மேலா? மறைத்தது நான்தானே. இழுத்தது அவர்தானே. யோசித்தால் தலை சுற்றுகிறது.

ஜூலை 3
வீடு. கப்பியைக் கழற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
கடையில் இனி பில் போடும் வேலை. பாதம் தொங்காமலிருக்கக் காலில் இன்னும் பட்டை. விரல் ஒரு நெல் அளவு எழும்புகிறது.

இன்றைக்கு ஹரிப்ரசாத், "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவகுமார், "நல்லா இருக்கா சார்" என்றார்.

"இல்ல சார். படி ஏறினா பாதம் தட்டுது. ரெண்டு தடவை விழப் பார்த்தேன்."

சிவகுமார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், "எத்தனை படி ஏறினா தட்டுதுன்னு கேளுங்க சார்" என்றார். "அவளே சொல்லட்டும்."