அம்மா குடிக்காத தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அம்மா இப்போது தேறிவிட்டாள், பதறாமல் படி. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் இதயம் பலவீனமான பிறகு தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். அம்மா காலையிலேயே அன்றைய பங்கை ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பாள். டீயும் அந்தக் கணக்கில்தான் கழியும். அப்படியும் கால் வீங்கிக்கொண்டே போனது, செருப்பு ஏறவில்லை. 'எங்க தப்பு பண்றேன்னு தெரியலையே' என்று புலம்பி, சமையலில் உப்பை இன்னும் குறைத்தாள். தப்பு அவளிடம் இல்லை. நம் சலூனில் முடி நனைப்பதற்காக வைத்திருக்கும் கேனிலிருந்து, ஆள் இல்லாத நேரமெல்லாம் நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மாடியில் துணி காயப்போடும்போது அம்மா மயங்கி விழுந்தாள். எதிர்வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டரம்மா அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகமும் சோர்ந்துவிட்டதாம். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டதற்கு, "அவரு தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கறப்ப எனக்கு எப்படிங்க இறங்கும்?" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு டாக்டரம்மா என் வீங்கிய காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. என் தண்ணீரெல்லாம் ரத்தக்குழாயை விட்டுக் கசிந்து சதைக்குள் தேங்கிக் கிடக்கிறது, அதனால்தான் உடம்பு ஊறியிருந்தும் தாகம் அடங்குவதில்லை, இன்னும் குடித்தால் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்றார். எவ்வளவு குடிக்கிறேன் என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "நான் ஊத்தித் தர்றதுக்கு மேல ஒரு சொட்டு தொடமாட்டாரு" என்றாள். கையில் ட்ரிப்ஸ் ஊசியோடு எனக்காகச் சாட்சி சொன்னாள்.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கேனை அப்புறப்படுத்திவிட்டேன், வீக்கம் வடிகிறது. 'உப்பைக் குறைச்சதுதான் கேட்டுது' என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அவளிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போதும் என் எதிரில் டம்ளரைத் தொடமாட்டேன் என்கிறாள். நீ தினமும் போன் செய், கண்ணு. பேசும்போதே குடிக்கச் சொல். விழுங்கும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்காதே. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. நான் எது சொன்னாலும் அவள் அப்படியே நம்புவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ குறையில்லாமல் வாழ வேண்டும்.

உன் அப்பா