முதுகிலே மருந்து

2025 ஜனவரி 8, புதன்

காலையிலிருந்து அலுவலகத்தில் ஒரே மென்பொருள் பிழையோடு மல்லுக்கட்டு. 'சேமி' பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு பில் விழுகிறது. அதை எழுதிய மஹேஷ், "யாரு ரெண்டு தடவை அழுத்துவா?" என்கிறான். எங்கள் அம்மா அழுத்துவாள். ஐந்து தடவை அழுத்துவாள்.

நான் இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம் ஆர்ஷா. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் என்னோடு பிளாட்டைப் பங்குபோடுபவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் படித்ததும் மலையாளத்தில்தான். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் கற்றது. அதனால் என் நடை சில இடங்களில் வேதாகமம்போல இருக்கும். பின்னாளில் இதைத் திரும்ப வாசிக்கப்போகும் ஜிஷாவே, நீயே எழுதியது, சகித்துக்கொள்.

சனிக்கிழமை பெண் பார்க்க வந்தவர் பெயர் அஜீஷ். பாறசாலைக்காரர். முப்பத்துமூன்று வயது, மின்வாரியத்தில் மீட்டர் ரீடர். ஒன்றரை மணி நேரம் எங்கள் கரமனை வீட்டில் உட்கார்ந்திருந்தார். பேசியது: "வெயில் கொஞ்சம் கூடுதல்." மூன்று வார்த்தை. அதுவும் அம்மாவிடம்.

என்னிடம் கேட்காமலே பிப்ரவரி 27 என்று அம்மா நாள் குறித்துவிட்டாள். மார்ச் 5-இல் லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், தொடங்குகின்றன. அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை சபையில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் சபையில் என் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். என்னுடையதை என்றைக்கோ கறையான் தின்றுவிட்டது. "புதுசு வாங்கிட்டு வா, பிறகு என் பதிலைச் சொல்றேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். ஆர்ஷாவிடம் மட்டும் உண்மை: சான்றிதழ் கைக்கு வந்த அன்றே 'வேண்டாம்' சொல்லிவிடுவேன். வாழ்நாள் முழுக்க வெயிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஜனவரி 12, ஞாயிறு

சிரிப்பு அடங்கவில்லை.

சான்றிதழ் எழுத என் பிறந்த வருடத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேடு வேண்டும். பதிவேடு சபை அலுவலகத்தின் இரும்பு அலமாரியில். அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

முப்பது வருடம் சபைக் கணக்கரும் கவிராயருமாக இருந்த தாசையன் ஐயா, ஓய்வு பெற்று மகளோடு பஹ்ரைன் போகும்போது சாவியை 'பத்திரமான இடத்தில்' வைத்துவிட்டு, இடத்தை ஒரு பாட்டாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை வருடமாக ஒட்டியிருக்கிறது. எல்லோரும் அதை ஏதோ தியானப் பாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் 'சாவி இருக்கும் இடம்' என்று இருப்பதை இன்றுதான் பார்த்தார்கள்.

வாயென்று ஒன்றில்லை, பாடுவீர் என்பான்;
வாரம் ஒருமுறை ஆடையை மாற்றுவான்;
எண்ணைச் சுமப்பான், எண்ணத் தெரியான்;
எழுந்து நிற்பவர் எல்லாம் இவனைப் பார்ப்பார்;
முகத்தைப் பார்த்தவர் முதுகைப் பார்த்ததில்லை;
மூடிய கதவுக்கு முதுகிலே மருந்து.

பூட்டை உடைக்கலாமே என்றேன். போதகர் கையைப் பிசைந்தார். "கேஸ் கட்டர் வச்சுத்தான் அறுக்கணுமாம். உள்ள இருக்கிற நூறு வருஷக் காகிதம் பத்திப் பிடிச்சா பேராயருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

எனக்கு உள்ளுக்குள் அல்லேலூயா. இந்தப் பாட்டு இருக்கும்வரை எனக்குப் பதில் சொல்லும் வேலை இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

அம்மா போனில்: "வாரத்துக்கு ஒருக்கா உடுப்பு மாத்துறவன் நம்ம கோயில்குட்டிதான். வேறே யாரு?"

கோயில்குட்டி என்றால் கோயிலைப் பெருக்கி மணியடிப்பவர். அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் முதுகை எப்படிப் பார்ப்பது?

ஜனவரி 17, வெள்ளி

அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கும் பாட்டை அனுப்பியிருக்கிறாள். அவர் அப்பா, "எங்க பய மீட்டர் தேடி ஊர்ப்பட்ட வீட்டு மூலையெல்லாம் பாத்தவன். ஞாயித்துக்கிழமை அனுப்பறேன்" என்றாராம். போச்சு.

ஜனவரி 19, ஞாயிறு

வந்தார். ஆராதனை முடிந்ததும் கையில் டார்ச்சோடு நின்றார். இரண்டாம் சந்திப்பில் முதல் வார்த்தை: "ஏணி உண்டா?"

அம்மாவுக்கும் அவருக்கும் மூன்றாம் வரியில் சண்டை. 'எண்ணைச் சுமப்பான்' என்றால் அம்மாவுக்கு எண்ணெய். "ஜெனரேட்டர்தான்! டீசலும் எண்ணெய்தானே? பாடுவீர்ங்கான், அது போடுற சத்தம் பாட்டு மாதிரி கேக்கல்லியா?" அவர் மெதுவாக, "எண் ஆக்கும்" என்றார். "நம்பர். மீட்டரா இருக்கும்."

முதலில் ஜெனரேட்டர். அம்மா அதன் முதுகைத் தடவினாள். புதுச் சேலை முழுக்கக் கரி. சாவி இல்லை.

பிறகு மீட்டர் பெட்டி. மீட்டர் எப்படிப் பாடும் என்று கேட்டேன். "சீல் போனா 'ம்ம்'னு மூளும்" என்றார். வாரம் ஒருமுறை உடை மாற்றுமா? அதைக் கேட்டதும் பெட்டியைத் திறந்தார். உள்ளே குளவிக்கூடு.

நானும் அம்மாவும் போதகரும் ஒரே மூச்சில் மதிலுக்கு அந்தப்பக்கம். அவர் மட்டும் ஓடவில்லை. மீட்டர் ரீடர் கொட்டு வாங்கியும் பெட்டியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டுமாம், இல்லாவிட்டால் அடுத்து வருபவனைக் கொட்டும். மேலுதடு நேந்திரங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நான் சுண்ணாம்பு தடவிவிட்டேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், உதடு வீங்கிய பிறகு மனிதர் பேச ஆரம்பித்தார். நாய் கடித்தது மூன்று முறை. ஒரு வீட்டில் போகும்போதெல்லாம் ஒரு பாட்டி இவரை ஆதார் கார்டு காட்டச் சொல்வாளாம். ஒரு வீட்டில் மீட்டர்மேல் கோழி அடைகாத்ததால் இருபத்தொரு நாள் கழித்து ரீடிங் எடுத்தாராம். 'ப' எல்லாம் 'ஃப' ஆக வந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

ஜனவரி 20, திங்கள்

உதட்டின் புகைப்படம் அனுப்பினார். கீழே: "ரீடிங் குறைஞ்சிட்டு வருது."

ஜனவரி 22, புதன்

தாசையன் ஐயாவின் எண் கிடைத்தது. மதிய உணவு நேரத்தில் மூவருமாகப் பேசினோம்: ஐயா பஹ்ரைனில், அஜீஷ் யாருடைய வீட்டு வாசலிலோ, நான் அலுவலகப் படிக்கட்டில்.

"ஐயா, சாவி எங்கே?"

"மறந்துபோச்சு மக்களே. மறந்துபோகும்னுதானே பாட்டு எழுதினேன்."

"பாட்டுக்கு அர்த்தம் சொல்லுங்க ஐயா."

"நல்ல பாட்டுக்கு அர்த்தம் கேக்கப்பிடாது. நீ ஒருக்கா படி, கேக்கட்டும்."

படித்தேன். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன் என்று திரும்பப் படிக்கச் சொன்னார். அம்மாவின் எண்ணெய் விஷயத்தைச் சொன்னதும் கொதித்துவிட்டார். "எண்ணெய் வேறே, எண் வேறே! உங்கம்மா எலிசாள் ஞாயிறு பள்ளியிலயே அப்படித்தான்!" கடைசியில் தன் பாட்டைத் தானே ஒரு முறை பாடி, "யாரு எழுதினதோ, நல்லா எழுதியிருக்கான்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நிமிடம் நானும் அஜீஷும் லைனிலேயே சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாய் குரைத்தது. "நான் வைக்கறேன்" என்று ஓடிவிட்டார்.

ஜனவரி 25, சனி

இன்று எனக்கு ஷிஃப்ட். கழக்கூட்டத்தில் ஏதோ மின்வாரியக் கூட்டம் என்று வந்தவர், பிளாட்டில் எனக்காக ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாங்கியது ஆர்ஷா. "பாவம் ஆளு. ஒரு மணி நேரம் சம்சாரிச்சோம்" என்கிறாள். என்னத்தைப் பேசினாய் என்றால், "ச்சும்மா" என்கிறாள். பொட்டலத்தில் பாதி இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

முதல் பாட்டுக்கு எழுந்து நிற்கிறோம். எல்லோரையும்போல நானும் வலது பக்கச் சுவரைப் பார்க்கிறேன், எந்தப் பாட்டு என்று. பாட்டு எண் பலகை. வாய் இல்லை, ஆனால் பாடச் சொல்லும். வாராவாரம் அட்டை மாற்றுவார்கள். எண்ணைச் சுமக்கும், எண்ணத் தெரியாது. எழுந்து நிற்பவர் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். பலகையின் முதுகை யார் பார்த்தது?

பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. எல்லோரும் வெளியே போனதும் பலகையைச் சற்றே நகர்த்தி விரலை விட்டேன். இருக்கிறது. பசை நாடாவுக்கு அடியில், விரல் நீளத்துக்குச் சாவி.

எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் இன்றே பதில் சொல்ல வேண்டும். பதில் தயாராகத்தானே இருந்தது? 'வேண்டாம்' — ஒரே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?

பதினொரு மணிக்கு அவர் வந்தார். உதடு பழையபடி ஆகிவிட்டது. பாடகர் அறை, மணிக்கூண்டு, அங்கி அலமாரி எல்லாம் இரண்டு பேருமாகத் தேடினோம். நானும் மும்முரமாகத் தேடினேன்! நடுவே டீ எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது ஏனோ அவருக்கு வியர்த்திருந்தது. "இன்னிக்கு மதி, இவ்வளவு போதும். அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றார்.

சரி என்றேன். கர்த்தாவே, மன்னியும்.

ஜனவரி 30, வியாழன்

அம்மா கணக்குச் சொன்னாள். கல்யாண அறிவிப்பை இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். பிப்ரவரி 9-இல் முதல் வாசிப்பு இல்லையென்றால் 27 போச்சு. ஈஸ்டர் வரை காத்திருக்க மாப்பிள்ளையின் அப்பா தயாராக இல்லையாம். "வேறே எடம் பாப்போம்னு சொல்றாரு" என்றாள்.

மதியம் சாப்பிடவில்லை. வேறே இடமா? அந்தப் பெண்ணுக்குக் கோழி அடைகாத்த கதையைச் சொல்வாரா?

ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துவிடுவேன். எல்லோர் முன்னாலும். சும்மா எடுத்தால் போதாது — அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்தது. அம்மா, போதகர், கோயில்குட்டி, அஜீஷ் — எல்லோரையும் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லி விளக்கினேன். போதகர் கைதட்டினார். அம்மா கண்ணைத் துடைத்தாள். "முதுகிலே மருந்து!" என்று பலகையைத் திருப்பினேன்.

பசை நாடா மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றேனா? "ஐயோ, இங்கதானே இருந்துச்சு! போன வாரம் நான் தொட்டுப் பாத்தேனே!" என்று கத்தினேன்.

எல்லோரும் பலகையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"போன வாரமா?" — அம்மா. "தொட்டுப் பாத்தியா? பாத்துட்டு எட்டு நாளா என்னெ நெஞ்சுவலியோட நடக்க விட்டியா, பாவி?"

போதகர் மேற்கூரையைப் பார்த்தார். கோயில்குட்டி, "நான் எடுக்கல்லே அச்சோ, நான் அட்டைதான் மாத்துவேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இனி சாவி கிடைக்கவே கிடைக்காது, கல்யாணமும் இல்லை, எல்லாம் என்னால்தான்.

அப்போது அஜீஷ் சட்டைப் பையில் கைவிட்டார். சாவி.

"போன ஞாயிறு நீங்க டீ எடுக்கப் போனப்போ பலகைக்குப் பின்னால கிடைச்சது" என்றார் தரையைப் பார்த்து.

எனக்கு வந்த கோபம்! வெளியே மதிலோரம் இழுத்துக்கொண்டு போனேன். மனுசனாய்யா நீங்க? ஒரு வாரமா பையில போட்டுக்கிட்டு நடந்தீங்களா? நான் இங்கே எல்லார் முன்னாலயும் அசடு வழிஞ்சு நிக்கறேன்!

அவர் பேசினார். உதடு வீங்காமல் இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஆர்ஷா சொன்னாங்க. சாவி கிடைச்சா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு. அப்போ, கிடைக்கல்லேன்னா சொல்ல மாட்டீங்கல்லே? அதான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"லெந்து வரைன்னு நினைச்சேன். தோதுப்படல்லேன்னா ஈஸ்டர் வரை."

"அப்போ உங்க அப்பா வேறே எடம் பாக்கறேன்னு சொன்னது?"

"அவரு பாக்கட்டும். நான் போணும்லா?"

கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தேன், நழுவுகிறது. "பின்னே இப்போ ஏன் குடுத்தீங்க?"

"பலகையைத் திருப்பினப்போ உங்க மொகத்தைப் பாத்தேன். வேண்டாம்னு சொல்லப்போற ஆளுக்கு மொகம் அப்படிப் போகாது."

அவர் சட்டையில் ஒட்டியிருந்த நூலாம்படையை எடுத்துப்போட்டேன். பிறகு உள்ளே வந்து இரண்டு பேருமாக அலமாரியைத் திறந்தோம். பூட்டு துருப்பிடித்திருந்தது, அவர் சாவியைத் திருக, நான் கதவை இழுத்தேன். பதிவேட்டில் கறையான் இல்லை. தாசையன் ஐயாவின் மணிமணியான கையெழுத்தில் என் பெயர் இருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் போய், "எனக்குச் சம்மதம்" என்றேன். "உன் சம்மதத்தை யாரு கேட்டா, பலகைக்குப் பின்னால ஒளிக்கறவளே" என்றாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு.

பிப்ரவரி 3, திங்கள்

ஆர்ஷாவோடு பேசுவதில்லை என்று முடிவு. காலை எட்டரை முதல் ஒன்பது வரை பேசவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் வாசிப்பு. போதகர் இரண்டு பேரின் முழுப் பெயரையும் படித்து, "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று நிறுத்தினார். அம்மா திரும்பி வரிசை வரிசையாக ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தாள். ஒருவரும் இருமக்கூட இல்லை.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். பாறசாலையிலிருந்து செய்தி.

"இங்கேயும் வாசிச்சாச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல்லே. நீ?"

கோயில் வாசலிலேயே நின்று டைப் செய்தேன்.

"நானும் ஒண்ணும் சொல்லல்லே."