மூணு தாழ்ப்பாள் போட்ட அறை

என்னங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் முதல்ல இதைப் படிங்க. உங்க ஃபோன் அணைஞ்சு கிடக்கு. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

குட்டியோட கணக்கு ப்ராஜெக்டைக் காலையிலதான் பார்த்தேன். இருபதாயிரத்துக்குள்ள உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு அறையை அமைன்னு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. இவ பட்டியல்ல கட்டில் எழுதலை, மேஜை எழுதலை. கதவுக்கு உள்பக்கம் மூணு தாழ்ப்பாள், ஒரு பெரிய பூட்டுன்னு எழுதியிருக்கா.

"எதுக்குடி இத்தனை?"ன்னேன். "சும்மாம்மா"ன்னா. ஷூ மாட்டும்போது குனிஞ்ச தலை நிமிராம, "இன்னைக்கும் ட்யூஷன் சார் வருவாராம்மா?"ன்னு கேட்டா. அவ பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது.

அந்த ஆளை இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன். மீறி வந்தா உள்ள விடாதீங்க. நான் லீவு சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போய் அவளைக் கையோட கூட்டிட்டு வர்றேன். எங்கேயும் போயிடாதீங்க. அவளைத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம், அவளா சொல்லட்டும்.

இன்னொண்ணு. வீட்டுக்கு வாத்தியாரே வேண்டாம்னு நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் சண்டை போட்டு ஏற்பாடு பண்ணினேன். அதுக்கு என்னை அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இன்னைக்கு அவ காதுல விழ வேண்டாம். தப்பு தன்னோடதுன்னு நினைச்சுக்குவா.