முழங்கால் ஆழக் குழி

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம். மூட்டுவலி குறைந்ததா? எனக்குக் கொல்லிமலைக் குளிர் பழகிவிட்டது.

எங்கள் பள்ளிக் காவலாளி யாக்கோபு அண்ணன் போன வாரம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். காய்ச்சல் எதுவுமில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம். இயேசு வரும் கடைசி நாளில் குழியிலிருந்து எழுந்து வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர். குழி வெட்டிய மாணிக்கம் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எந்திரிச்சு வாரவருக்கு மேல இத்தன மண்ணு எதுக்குங்க டீச்சர்? தள்ளிக்கிட்டு வரச் சிரமப்படுவாருங்க."

நரி தோண்டிவிடும் என்று சொல்லி ஆழப்படுத்தச் சொன்னேன். மனமில்லாமல்தான் வெட்டினார்.

இனி ஞாயிறு ஜெபத்துக்கு இங்கே நான் ஒருத்திதான். அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள்.

தபால் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது. அம்மா கல்லறைக்குப் பெரிய கருங்கல் பலகை சொல்லியிருக்கிறீர்களே அப்பா, கொஞ்சம் லேசானதாக மாற்றச் சொல்லுங்கள்.

மகள் பியூலா