மாண்புமிகு ஜாமெராவோடு நான் கை குலுக்கியது

வீட்டிலிருந்து,
ஞாயிறு, சர்ச் முடிந்து வந்தபின்

அன்பு மகள் அபெனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது, அங்கே நீயும் உன் வேலையும் உன் அறைச் சூடும் குறைவில்லாமல் இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நம் ஊர் நீதித்துறையின் வரலாற்றில் இடம்பெறவேண்டிய செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றவாளிக் கூண்டுக்குள் மெத்தை வைத்த நாற்காலி போடலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. இது சும்மா வந்த முடிவு இல்லை. மருத்துவச் சான்று உரக்கப் படிக்கப்பட்டது, வக்கீல் மனித முதுகெலும்பைப் பற்றி நெடுநேரம் பேசினார், அரசுத் தரப்புக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று சொன்னார், பிறகு நாற்காலி கூண்டுக்குள் நுழையாது என்று தெரியவந்து, அதற்கு ஒரு வாய்தா போட்டு, தச்சரை வரவழைத்துக் கூண்டின் ஒரு பக்கத்தையே அறுத்து எடுத்தார்கள். இப்போது கூண்டுக்கு மூன்று பக்கம்தான். மாண்புமிகு ஜாமெரா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், கடைசியில் உனக்கு எதுவும் தெரியாமல் போகும். ஆகவே கடிதம். அப்பாவின் வழக்கு போன செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது. தீர்ப்பு நாளில் என் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று லீவு சேர்த்துக்கொண்டிருந்தாயே, அந்த லீவை வேறு எதற்காவது வைத்துக்கொள். எப்படி முடிந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி.

நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கோர்ட்டில் இதைக் கடைசிவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. உன் அப்பா குவாக்கு தபிரி சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கொண்டு குமாசி ரோட்டின் ஓரமாக, மண்ணில், வந்துகொண்டிருந்தார். மாண்புமிகு ஜாமெரா முன்னாள் துணை அமைச்சர் என்பதோடு அந்த ரோட்டைப் போட்ட ஒப்பந்தக்காரரும்கூட. போட்டவர் என்ற முறையில் ரோட்டின் இரண்டு பக்கமும் தமக்குச் சேர்ந்தது என்று நினைத்திருக்கலாம். முன்னால் போன லாரியைத் தாண்டுவதற்காக எதிர்ப்பக்கம் வந்து, அங்கிருந்து மண்ணுக்கும் வந்தார். டிரைவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டு வண்டியை அவரே ஓட்டினார் என்பதைப் பார்த்தவர்கள் சந்தையளவு கூட்டம். சாட்சி சொல்ல வந்தவள் வாழைக்காய் சுட்டு விற்கும் எஃபுவா ஒருத்திதான். மற்றவர்களுக்கு அன்றைக்கு சாயங்காலம் கண்ணில் தூசி.

ஆபத்தாக வண்டி ஓட்டி உயிரைப் போக்கியது என்பது குற்றச்சாட்டு. அதைப் படிக்கும்போது நின்று கேட்க மாண்புமிகு வரவேண்டும் அல்லவா. ஒரு செவ்வாய் அவருக்கு முதுகுவலி, ஒரு செவ்வாய் அக்ராவில் கூட்டம், ஒரு செவ்வாய் அவர் வந்தார், அவருடைய வக்கீல் வரவில்லை. வரும் நாட்களில் நீதிபதியின் அறை வழியாக உள்ளே வருவார், வாசல் பக்கம் வெயில் அதிகம் என்று. போலீஸ்காரர்கள் சல்யூட் அடிப்பார்கள், அடித்தபின் தாங்கள் யாரைக் காவலில் கொண்டுவந்தோம் என்று ஒரு கணம் குழம்புவார்கள். நான் காலையிலேயே போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். எஃபுவா கேட்பாள், "டீச்சர், வாய்தான்னு தெரிஞ்சும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்து குந்திக்கிறீங்க? வீட்டுல அடுப்பு வேலை இல்லையா?" அடுப்பு காத்திருக்கும் என்றேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். வழக்கைக் கூப்பிடும்போது குமாஸ்தா காலமானவரின் பெயரைச் சேர்த்துப் படிப்பார். குவாக்கு தபிரி என்று, முழுதாக, நல்ல குரலில், ஒரு பெரிய அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இப்போது தனியாக ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதிரியாரைக் கூட்டிவந்துவிடுவார்கள்.

ஈஸ்டருக்கு முன்னால் குற்றச்சாட்டு இளைத்துப் போனது. ஆபத்தாக ஓட்டியது என்பது கவனக்குறைவாக ஓட்டியது என்று மாறியது. இன்ஸ்பெக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்து ஏன் என்று கேட்டேன். நான் ஆறாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த பையன்தான் அவன், என் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தே பேசினான். "மேடம், மேலேருந்து வந்துச்சு. நான் சின்ன ஆளு. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு படிக்கணும்." மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்டேன். "அதுக்கு மேல கடவுள்தான் மேடம்," என்றான். சின்னக் குற்றமானதால் இனி அதில் சமாதானம் பேசலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதாம். நான் யாரோடும் சமாதானம் பேசவில்லையே என்று தைரியமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

போன செவ்வாய் மாண்புமிகுவின் வக்கீல் ஒரு டிவியைத் தூக்கிவரச் செய்தார். அதில் நம் சாவு வீட்டு வீடியோவைப் போட்டார். நீ வரமுடியாமல் அங்கிருந்து போனில் துண்டு துண்டாகப் பார்த்தாயே, அதே வீடியோ, கோர்ட்டில் நல்ல தெளிவாக இருந்தது. பெட்டியைத் தூக்கும் இடம் வந்ததும் பெஞ்சில் இருந்த பெண்கள் அழுதார்கள், எஃபுவா என் காதில், "உங்க கறுப்புத் தலைத்துணி எடுப்பா இருக்கு டீச்சர்," என்றாள். பிறகு மாண்புமிகு ஜாமெரா இருபது பேரோடு கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு வருகிறார். ஒலிபெருக்கிக்காரன் வழக்கம்போலக் கூவுகிறான், "மாண்புமிகு ஜாமெரா அவர்கள் அன்போடு குடுத்த காளை மாடு ஒண்ணு, ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு பெட்டி, குடும்பத்தார் சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க, எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க." எல்லோரும் தட்டுகிறார்கள். அப்புறம் வந்தவர்கள் வலது பக்கத்திலிருந்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே போகிறார்கள். என் முன்னால் வந்ததும் அவர் கையை நீட்டுகிறார், நான் கொடுக்கிறேன். அந்த இடத்தில் வக்கீல் படத்தை நிறுத்தினார். நான் தலை குனிந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அந்த அறையில் உறைந்து நின்றேன்.

சாவு வீட்டில் சுற்றி வரும் கையைத் தள்ளியவர்கள் இந்த நாட்டில் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு, நான் அவர்களிடம் பாடம் படிக்கிறேன். நான் அன்றைக்கு நூறு கைகளைப் பிடித்தேன், எந்தக் கை யாருடையது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. அது போதாதென்று மறுவாரம் உன் அப்பா குலத்தின் குடும்பத் தலைவர், பெரியவர் அன்சு, மாடு கொடுத்தவர் வீட்டுக்கு நன்றி சொல்லப் போகவேண்டும், விதவை பின்னால் உட்காரவேண்டும் என்று கூட்டிப்போனார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். அதற்கும் வீடியோ இருந்தது. தண்ணீர் குடித்ததையும் வக்கீல் காட்டினார்.

நீதிபதி நல்லவர், குரலை உயர்த்துவதே இல்லை. காலமானவரின் குடும்பத்தார் யார் என்று கேட்டார். பெரியவர் அன்சு எழுந்து, குடும்பம் மாட்டையும் மதுவையும் ஏற்றுக்கொண்டது, மனதில் ஒன்றும் இல்லை என்றார். நானும் எழுந்தேன். என் மனதில் இருக்கிறது என்றேன். நீதிபதி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "மேடம், நீங்க என்ன குலம்?" அசோனா என்றேன். "காலமானவரு?" ப்ரெட்டுவோ என்றேன். "பிள்ளைங்க?" பிள்ளைகள் என் வழி, அசோனா என்றேன். "அப்போ நீங்க அவரோட மனைவி மேடம், குடும்பம் இல்லையே. தயவு செஞ்சு உக்காருங்க." பெஞ்சில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, சரியான விடைக்கு ஆட்டுவதுபோல. பிள்ளைகள் தாயின் குலம், புருஷன் தன் தாயின் குலம் என்று அந்தப் பாடத்தை நானே வருஷக்கணக்கில் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்தியிருக்கிறேன். நாற்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவருக்கு நானும் அந்நியம், நீயும் அந்நியம், மாட்டைத் தின்ற அன்சு நெருங்கிய உறவு. உட்கார்ந்தேன். குடும்பம் சமாதானமாகிவிட்டபடியால் வழக்கை முடித்து மாண்புமிகுவை விடுவிப்பதாக நீதிபதி எழுதிக்கொண்டார்.

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். கோஜோ ஃபோசு என்று ஒருவன், ஆடு திருடியவன். கூண்டில் நாற்காலி அப்படியே இருந்தது, அவன் அதன் பக்கத்தில் நின்றுகொண்டான், அவனுக்கு வலி இருந்தாலும் சான்று இல்லை. அறுத்த பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் போய் நின்றார், சற்று முன்புவரை அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. கோஜோ இத்தனை நேரம் பின்னால் உட்கார்ந்து வீடியோவைக் கவனமாகப் பார்த்திருக்கிறான். கைகட்டிக்கொண்டு சொன்னான், "ஐயா, என் கேஸுலயும் சமாதானம் இருக்கு. ஆட்டுக்காரம்மா அப்பா செத்தப்போ நானும் போயிருந்தேன். அவங்களுக்குக் கை குடுத்தேன், அவங்களும் குடுத்தாங்க, கேட்டுப் பாருங்க." ஆட்டுக்காரி பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தாள், "குடுத்தான் ஐயா, அதுல பொய் இல்ல. குடுத்துட்டுப் போறப்பதான் ஆட்டையும் இழுத்துட்டுப் போனான்." அறையே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை, அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பதினெட்டு மாதம் கொடுத்தார். அவன் வக்கீல் இல்லாமல் வந்ததால் எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

வெளியே பெரியவர் அன்சு என்னைப் பிடித்துக்கொண்டார். "பெர்னிஸ், மூஞ்சியத் தூக்காதம்மா. அந்த ஆள உள்ள போட்டா தபிரி எழுந்து வந்துடுவானா? நாளைக்கு நம்ம பசங்களுக்கு ஒரு வேலை வேணும்னா அவன்கிட்டதான போய் நிக்கணும்?" நம்ம பசங்க என்றால் அவர் குலத்துப் பசங்கள், அதில் நீ கிடையாது. அதற்குள் மாண்புமிகுவே வந்துவிட்டார், முதுகு நன்றாக நிமிர்ந்திருந்தது. "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. என்ன வேணும்னாலும் கூச்சப்படாம என்கிட்ட கேளுங்க," என்று கையை நீட்டினார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். கொடுத்தேன் அபெனா. என் கை தானாகப் போய்விட்டது, அதை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை யாரும் படம் எடுக்கவில்லை. எஃபுவா சுட்ட வாழைக்காய் இரண்டைப் பொட்டலம் கட்டி என் பையில் போட்டாள். அவளைத் தவிர அன்றைக்கு என்னோடு வீடுவரை யாரும் நடந்து வரவில்லை.

மேல் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நீ கேட்பாய். வக்கீல் பெண் ஒருத்தியிடம் கேட்டுவிட்டேன், நல்ல பெண். மனு போட முதலில் நான் குடும்பம் என்று காட்டவேண்டும், அதற்குப் பெரியவர் அன்சு கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை. கோழி அடை வைத்திருக்கிறது. கூரையில் ஒழுகும் இடம் இடம் மாறியிருக்கிறது. சர்ச் பாட்டுக்குழுவில் அப்பாவின் இடத்தில் ஒரு தபால்காரரை நிறுத்தியிருக்கிறார்கள், கட்டைக் குரல்தான், ஆனால் நேரத்துக்கு வருகிறார். எனக்குச் செவ்வாய்க்கிழமைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நேற்று பழக்கத்தில் வரும் செவ்வாய்க்கென்று கறுப்புத் துணியை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டேன், பிறகு மடித்து வைத்தேன். நீ பிறந்த கிழமை அது, அதனால் அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கே நீ அனுப்பிய படத்தில் குல்லாய் இல்லாமல் பனியில் நிற்கிறாய், காதை மூடு. வேலை இடத்தில் இந்தக் கதையைச் சொல்லாதே, அவர்கள் நம் நாட்டைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், நீ பதிலுக்குப் பொய் சொல்லவேண்டி வரும். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. யாரையாவது பிடித்திருந்தால் சொல், என்ன குலம் என்று நான் கேட்கமாட்டேன்.

கடவுள் உன்னை நல்ல ரோடுகளில் நடத்தட்டும், உன் கதவைத் தட்டுகிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும், உன் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட உன் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். சனிக்கிழமை போன் செய், மறக்காதே, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
பெர்னிஸ் அனிமா

பி.கு.: ஒன்று எழுத விட்டுப்போயிற்று. வழக்கு முடிந்ததால் மாண்புமிகுவின் ஓட்டுநர் உரிமத்தைக் குமாஸ்தா அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். டிரைவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டு, அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.